பிடி நழுவியது யாரால்?
பொன்மலைத் திடலில் நடந்த கபடி விசாரணை!

ஞாயிற்றுக்கிழமை மாலை மணி ஐந்து இருக்கும். திருச்சி பொன்மலைச் சந்தையில் கூட்டம் நெரிந்தது. "கிலோ இருபது! கிலோ இருபது!" என்று ஒலிபெருக்கிகள் அலறிக்கொண்டிருந்தன.

சந்தைக்குச் சற்றுத் தள்ளி ஒரு திடல். அங்கே பையன்கள் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். காய்கறிப் பையுடன் வந்துகொண்டிருந்த நான், ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றேன். ஒரு மணி நேரம் நின்றுவிட்டேன்!

ஏன் தெரியுமா? அங்கே ஆட்டத்தைவிடச் சுவையான ஒன்று நடந்தது. ஒரு விசாரணை நடந்தது. போலீஸ் விசாரணை அல்ல. பிடி நழுவிய விசாரணை!

அழுத பையன்

இரண்டு கட்சிக்கும் சம புள்ளி. ஆட்டம் முடியப் போகிற நேரம். எதிர்க்கட்சிப் பையன் ஒருவன் "கபடி, கபடி" என்று பாடிக்கொண்டு வந்தான். நல்ல உயரம். நேரே வலது ஓரத்துக்குப் பாய்ந்தான். காலை நீட்டினான்.

அந்த மூலையில் ஓர் ஒல்லிப் பையன் நின்றுகொண்டிருந்தான். அவன் தரையோடு தரையாகப் பாய்ந்து, நீட்டிய காலின் கணுக்காலைக் கவ்விக்கொண்டான். பாடி வந்தவன் தடுமாறினான். இன்னும் இருவர் வந்து அவனைப் பிடித்தார்கள். "ஆள் மாட்டிக்கிட்டான்!" என்று ஒரே கூச்சல்.

ஆனால், அவன் விடவில்லை. உதறினான். மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு முன்னே தாவினான். விழுந்தான். விழுந்த வேகத்தில் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான்!

அவ்வளவுதான். அவனைத் தொட்ட மூன்று பேரும் வெளியே. மூன்று புள்ளி போயிற்று. ஆட்டமும் போயிற்று.

உடனே எல்லோரும் ஒல்லிப் பையனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏன்டா விட்டே?"

"பிடிக்கத் தெரியலேன்னா ஏன்டா கார்னர்ல நிக்கிறே?"

"உன்னாலதான்டா தோத்தோம்!"

பையன் பதில் சொல்லவில்லை. அவன் முழங்கையில் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. அதைத் துடைக்கவும் இல்லை. ஓரத்தில் கிடந்த செருப்பைக் கையில் எடுத்தான். "நாளையிலேருந்து நான் வரலே" என்றான். குரல் உடைந்துவிட்டது.

பெரியவர் கூப்பிட்டார்

திடலின் ஓரத்தில் வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பொன்மலை ரெயில்வே பட்டறையில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளமையில் கபடி ஆடியவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"தம்பி, செருப்பைக் கீழே போடு. இங்கே வா. மத்தவங்களும் வாங்கடா" என்று கூப்பிட்டார்.

"என்ன தாத்தா?"

"பட்டறையிலே ஒரு சாமான் உடைஞ்சு போச்சுன்னா, கடைசியா அதைத் தொட்டவனை மட்டும் கேக்க மாட்டோம். முதல்லேருந்து ஒவ்வொருத்தனாக் கேப்போம். இப்போ உங்களைக் கேக்கப் போறேன்" என்றார்.

பொன்மலைக்காரர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. நாகப்பட்டினத்தில் இருந்த ரெயில்வே பட்டறை 1920-களில் இங்கே மாற்றப்பட்டது. அன்று முதல் இந்த ஊரே அந்தப் பட்டறையைச் சுற்றித்தான் வளர்ந்தது. நீலகிரி மலை ரெயிலுக்கு நீராவி எஞ்சின் கட்டிக் கொடுத்த பட்டறை இது. ஓர் எஞ்சினில் எத்தனையோ உறுப்புகள். ஓடும்போது ஏதாவது ஒன்று உடைந்தால், உடைந்த இடம் ஒன்றாக இருக்கும். உடைந்ததற்குக் காரணமான இடம் வேறொன்றாக இருக்கும். இதை அறிந்தவன்தான் நல்ல தொழிலாளி.

பெரியவர் ஏழு கூழாங்கற்களைப் பொறுக்கி மண்ணில் வரிசையாக வைத்தார். எதிரே ஓர் ஓட்டுத்துண்டை வைத்தார். கற்கள் பிடிக்கிற ஏழு பேர். ஓட்டுத்துண்டு பாடி வருகிறவன்.

ஏழு பேருக்கு ஏழு வேலை

கபடி பார்க்காத தாய்மார்களுக்காக இங்கே கொஞ்சம் விளக்கம் சொல்லிவிடுகிறேன்.

பிடிக்கிற கட்சியில் ஏழு பேர். இரண்டு ஓரங்களிலும் நிற்கிறவர்கள் 'கார்னர்'. அவர்களை அடுத்து நிற்கிறவர்கள் 'இன்'. அதற்கும் அடுத்தவர்கள் 'கவர்'. நட்ட நடுவில் ஒருவர். ஆக மொத்தம் ஏழு.

பார்க்கிறவர்களுக்கு ஏழு பேரும் ஒரே வேலை செய்வதுபோலத் தோன்றும். "ஆளைப் பிடிக்க வேண்டியது, அவ்வளவுதானே?" என்று நினைப்போம். அப்படி அல்ல. ஒவ்வொருவருக்கும் தனி வேலை இருக்கிறது.

கார்னரின் வேலை, காலைப் பிடிப்பது. இன்னில் நிற்பவரின் வேலை, அதே நொடியில் தொடையையோ இடுப்பையோ பிடித்துக் கார்னருக்குத் துணை கொடுப்பது. கவரின் வேலை ஆளைப் பிடிப்பதைவிட, வழியை அடைப்பது. பாடி வந்தவனுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில் சுவர்போல அவர் வந்து நிற்க வேண்டும்.

வழியை அடைப்பது ஏன் அவ்வளவு முக்கியம்? கணக்கைப் பாருங்கள். ஆண்கள் கபடியில் களத்தின் நீளம் 13 மீட்டர். ஒரு கட்சிக்கு அதில் பாதி, ஆறரை மீட்டர். நடுக்கோட்டிலிருந்து 4.75 மீட்டர் தூரத்தில் போனஸ் கோடு இருக்கிறது. அதுவரை போனவன் தன் பக்கம் திரும்ப, வந்த தூரத்தைக் கடந்தாக வேண்டும். ஆனால், ஓடித்தான் கடக்க வேண்டும் என்பதில்லை. விழுந்து, கையை நீட்டி, விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டாலும் போதும். முன்னால் ஆள் இல்லாவிட்டால், காலைப் பிடித்தும் பயன் இல்லை!

சரி, ஏழு பேரும் ஒரே நொடியில் சேர்ந்து இயங்குவது எப்படி? அதற்காகத்தான் கையைக் கோத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஓரத்தில் இருவர், நடுவில் மூவர், மறு ஓரத்தில் இருவர் என்று கைகோத்து நிற்பது ஒரு வழக்கமான முறை. கை கோப்பது அழகுக்காக அல்ல. கார்னர் பாயும்போது அவர் கை இழுபடும். அந்த இழுப்பே அடுத்தவருக்குச் செய்தி. கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்வதைவிடக் கை சீக்கிரம் சொல்லிவிடும்.

இனி, விசாரணைக்கு வருவோம்.

விசாரணை

பெரியவர் முதலில் ஒல்லிப் பையனைக் கேட்டார்.

"உன் வேலை என்ன?"

"காலைப் பிடிக்கிறது, தாத்தா."

"பிடிச்சியா?"

"பிடிச்சேன்."

"எங்கே பிடிச்சே?"

"கணுக்காலை."

"சரியான பிடி. நீ இப்படி நில்லு. அடுத்தது கவர். உன் வேலை என்ன?"

"வழியை அடைக்கிறது."

"அடைச்சியா?"

அந்தப் பையன் தலையைச் சொறிந்தான். "நான் முதுகுப் பக்கமாப் போய்க் கட்டிப் பிடிச்சேன்" என்றான்.

"முதுகைப் பிடிச்சே. சரி. அவன் முகத்துக்கு முன்னாலே யாரு நின்னா?"

யாரும் பதில் சொல்லவில்லை. பெரியவர் ஒரு கல்லை எடுத்து ஓட்டுத்துண்டின் பின்பக்கம் வைத்தார். முன்பக்கம் நடுக்கோடு வரை வெறும் மண்ணாகக் கிடந்தது. பையன்கள் அதையே பார்த்தார்கள்.

"ஏன் முன்னாலே போகலே?"

"இவன் நகருவான்னு பார்த்தேன், தாத்தா. இவன் நகர்ந்தா நான் போவேன். இவன் நகரலே" என்று பக்கத்தில் நின்றவனைக் காட்டினான்.

பக்கத்தில் நின்றவன் இன் ஆட்டக்காரன். அவனைப் பெரியவர் பார்த்தார்.

"நீ ஏன் நகரலே?"

"கார்னர் பாய்ஞ்சது எனக்குத் தெரியலே, தாத்தா."

"அவன் கையைக் கோத்துக்கிட்டுத்தானே நின்னே?"

அவன் தலை குனிந்தான். "கண்ணுலே வேர்வை இறங்கிடுச்சு. கையை விட்டுட்டுத் துடைச்சேன். அந்த நேரம் பார்த்து..."

"'பிடி'ன்னு இவன் கத்தினானே?"

"சந்தை மைக் சத்தத்துலே கேக்கலே."

விசாரணை முடிந்தது! ஒரு துளி வேர்வை. ஒரு நொடி கை விட்டது. அதனால் இன் பிந்தினான். இன் பிந்தியதால் கவர் பிந்தினான். கவர் பிந்தியதால் வழி திறந்தது. வழி திறந்ததால், சரியாகப் பிடித்தவன் கையிலிருந்து கால் நழுவியது. எல்லோர் கண்ணும் பார்த்தது அந்தக் கடைசி நழுவலை மட்டும்தான்!

இப்போது எல்லோரும் இன் பையன்மீது பாய்வார்கள் என்று நினைத்தேன். பெரியவர் கையை உயர்த்தினார்.

"வேர்வையைத் துடைக்கக் கூடாதா? துடைக்கலாம். கண்ணு எரிஞ்சா துடைக்காம என்ன செய்வான்? ஆனா ஒண்ணு. கையை விடறதுக்கு முன்னாலே 'விடறேன்'னு சொல்லிட்டு விடணும். ரெண்டு பேரு இரும்பைத் தூக்கிட்டுப் போறப்போ, ஒருத்தன் சொல்லாம கையை எடுத்தா என்ன ஆகும்?"

"இன்னொருத்தன் கால் போயிடும், தாத்தா."

"அதுதான்."

அமெரிக்காவில் நடந்தது

இதைக் கேட்டதும் எனக்கு அமெரிக்காவில் நடந்த ஒரு பந்தயம் நினைவுக்கு வந்தது. பொன்மலை எங்கே, அமெரிக்கா எங்கே என்று கேட்காதீர்கள். கதை ஒன்றுதான்.

அமெரிக்கர்கள் கால்பந்து என்று ஓர் ஆட்டம் ஆடுகிறார்கள். பெயர்தான் கால்பந்து. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டுதான் பெரும்பாலும் ஓடுகிறார்கள்! கட்சிக்குப் பதினொரு பேர். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜ தூரம் முன்னேற வேண்டும். அல்லது எல்லைக்கோட்டைத் தாண்டிவிட வேண்டும்.

ஒருவர் பந்தோடு ஓடும்போது, அவர் கட்சிக்காரர்கள் சும்மா நிற்பதில்லை. எதிரிகளை முட்டித் தள்ளி வழி உண்டாக்குகிறார்கள். ஸ்ரீரங்கத்தில் தேர் வரும்போது முன்னால் ஆட்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போவார்களே, அதுபோல. யார் எந்த எதிரியைத் தள்ள வேண்டும் என்பது ஒவ்வொரு முயற்சிக்கும் முன்பே முடிவு செய்யப்பட்டிருக்கும்.

1982-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி. மிச்சிகன் மாநிலத்தில் உள்ள பான்டியாக் நகரம். அந்த நாட்டின் மிகப் பெரிய பந்தயம். சின்சினாட்டி கோஷ்டியும் சான்பிரான்சிஸ்கோ கோஷ்டியும் மோதின. பாதி ஆட்டத்தில் 20-க்கு 0 என்று சான்பிரான்சிஸ்கோ முன்னால் இருந்தது. பிறகு சின்சினாட்டி விழித்துக்கொண்டது. 7 புள்ளி எடுத்தது. மறுபடியும் பாய்ந்து வந்தது. எல்லைக்கோட்டுக்கு மூன்று கெஜ தூரம்தான் பாக்கி. முயற்சிகளோ நான்கு!

சின்சினாட்டியில் பீட் ஜான்சன் என்று ஒரு பலசாலி இருந்தார். எடை 110 கிலோவுக்கு மேல். முதல் முயற்சியில் அவர் இரண்டு கெஜம் முன்னேறினார். பாக்கி ஒரே ஒரு கெஜம். மூன்று அடி!

இரண்டாவது முயற்சி. மறுபடியும் ஜான்சன் ஓடினார். ஓர் அங்குலம்கூட நகர முடியவில்லை. மூன்றாவது முறை, பந்தை வேறு ஒருவருக்கு வீசினார்கள். கோட்டுக்கு அருகே அவரை அமுக்கிவிட்டார்கள். நான்காவது முறை, மீண்டும் ஜான்சன். எதிரிகள் மலைபோல நின்றார்கள். ஜான்சன் விழுந்தார். வாய்ப்பும் முடிந்தது.

முடிவில் சின்சினாட்டி 21-க்கு 26 என்று தோற்றது. வித்தியாசம் 5 புள்ளி. அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் கிடைத்திருக்கக் கூடியது 6 புள்ளி!

பார்த்தவர்கள் கண்ணில் விழுந்தது ஜான்சன் விழுந்ததுதான். ஆனால், இரண்டாவது முயற்சி ஏன் தோற்றது என்று ஆராய்ந்தபோது வேறு ஒரு சங்கதி வெளிவந்தது. ஆட்டம் தொடங்குகிற கடைசி வினாடியில் தலைமை ஆட்டக்காரர் திட்டத்தை மாற்றிக் குரல் கொடுத்தார். அது கூரை போட்ட மைதானம். உள்ளே 80 ஆயிரம் பேருக்கு மேல் கூடிக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆட்டக்காரருக்கு அந்தக் குரல் கேட்கவில்லை. அவர் செய்ய வேண்டிய தடுப்பு நடக்கவில்லை. வழி திறக்கவில்லை. 110 கிலோ பலமும் வீணாயிற்று.

அங்கே 80 ஆயிரம் பேரின் கூச்சல். இங்கே சந்தை ஒலிபெருக்கி. அங்கே பத்துப் பேர் ஒருவனுக்கு வழி திறக்கப் பார்த்தார்கள். இங்கே ஏழு பேர் ஒருவனுக்கு வழி அடைக்கப் பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் அறுந்தது ஆளின் பலம் அல்ல. ஆளுக்கும் ஆளுக்கும் இடையில் இருந்த தொடர்பு!

ஜகார்த்தாவில் கிடைத்த அடி

நம் நாட்டுக் கபடிக்கே இப்படி ஓர் அடி விழுந்திருக்கிறது. 1990-ம் ஆண்டு பீஜிங்கில் முதன் முதலாக ஆசிய விளையாட்டில் கபடி சேர்க்கப்பட்டது. அது முதல் 2014 வரை ஏழு முறையும் ஆண்கள் தங்கப் பதக்கம் இந்தியாவுக்கே. நம்மை அசைக்க ஆள் இல்லை என்று இருந்தோம்.

2018-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஜகார்த்தா. முதலில் தென்கொரியா 24-23 என்று ஒரு புள்ளியில் நம்மைத் தோற்கடித்தது. பிறகு அரை இறுதியில் ஈரான் 27-18 என்று வீழ்த்தியது. தங்கம் போயிற்று. வெண்கலத்தோடு திரும்பினோம்.

"கோட்டை விட்டது யார்?" என்று நாம் கேட்போம். ஒரு பெயரைச் சொல்லித் திட்டிவிட்டால் மனம் ஆறிவிடும். ஆனால், புள்ளிக் கணக்கைப் பாருங்கள். பாதி ஆட்டத்தில் 9-க்கு 9, சமம். பிற்பாதியில் மட்டும் ஈரானுக்கு 18, நமக்கு 9. ஒருவர் ஒரு முறை தவறியதால் இப்படி ஆகுமா? ஆகாது.

கபடியில் சரிவு படிப்படியாக வருகிறது. ஒருவர் வெளியே போனால் ஏழு ஆறு ஆகிறது. கோத்த கையில் ஒன்று குறைகிறது. இன்னொருவர் போனால் ஓரத்தில் துணை இல்லாமல் கார்னர் தனியே நிற்கிறார். ஆள் குறையக் குறைய இடைவெளி பெருகுகிறது. இடைவெளி பெருகப் பெருகப் பாடி வருகிறவருக்குக் கொண்டாட்டம். ஏழு பேரும் வெளியேறிவிட்டால் எதிரிக்கு மேலும் இரண்டு புள்ளி. இப்படித்தான் சின்ன ஓட்டை பெரிய ஓட்டை ஆகிறது. கடைசியாகப் பிடி விட்டவரைத் திட்டுவது, ஓட்டைப் படகில் கடைசியாக ஏறியவரைத் திட்டுவது போல!

ஹாங்சோவில் நின்ற ஆட்டம்

ஐந்து வருடம் கழித்து அதே ஈரானோடு மறுபடியும் மோதல். 2023-ம் ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி, சீனாவின் ஹாங்சோ நகரில் இறுதி ஆட்டம். இங்கே நடந்தது இன்னும் வேடிக்கை.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை. 28-க்கு 28, சமம். இந்தியத் தலைவர் பவன் ஷெராவத் பாடிப் போனார். அந்த முறை அவர் புள்ளி எடுக்காமல் திரும்பினால் வெளியேற வேண்டும். 'வாழ்வா, சாவா' என்ற நிலை.

கபடிக் களத்தின் இரு பக்கமும் ஒரு மீட்டர் அகலத்தில் 'லாபி' என்ற பட்டை உண்டு. பாடி வந்தவர் யாரையாவது தொட்ட பிறகுதான் அந்தப் பட்டைக்குள் கால் வைக்கலாம். பவன் யாரையும் தொடாமலே அதில் கால் வைத்துவிட்டார் என்பது தகராறு. அப்படியானால் அவர் வெளியே. அவர் பாடிப் போனது தோல்வி.

ஆனால், அவரை விரட்டி வந்த ஈரான்காரர்களும் அந்தப் பட்டைக்குள் கால் வைத்துவிட்டார்கள்! பழைய விதிப்படி அவர்களும் வெளியே. புதிய விதிப்படி பாடி வந்தவர் மட்டும் வெளியே. எந்த விதி? நடுவர்கள் ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். மாற்றினார்கள். மறுபடியும் மாற்றினார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் தீர்ப்பு இந்தியாவுக்குச் சாதகமாயிற்று. 33-29 என்று இந்தியா தங்கம் வென்றது.

நாம் ஜெயித்தோம். மகிழ்ச்சிதான். ஆனாலும் அந்த ஒரு காட்சியைக் கூழாங்கற்களை வைத்துப் பாருங்கள். பாடி வந்தவர் தானாகவே வெளியே போகிறார். பிடிக்கிறவர்கள் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்ய வேண்டாம்! கோட்டுக்கு உள்ளே நின்றாலே போதும். நின்றிருந்தால் இந்த வழக்கே எழுந்திராது. பாய்வது ஒரு வேலை என்றால், பாயாமல் நிற்பதும் ஒரு வேலைதான்.

இன்னொன்றும் உண்டு. ஓர் ஆட்டத்துக்கு இரண்டு விதி இருந்தால், நல்ல ஆட்டக்காரனும் தடுமாறுவான். பொன்மலைப் பெரியவர் சொன்ன சொல் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் அல்ல, விதி செய்கிறவர்களுக்கும் பொருந்தும். எதையும் முன்னால் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்!

நம் பிள்ளைகள்

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன்? காரணம் இருக்கிறது.

2025-ம் ஆண்டு அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளைஞர் விளையாட்டுப் போட்டி நடந்தது. கபடியில் இந்தியப் பெண்களும் ஆண்களும் தங்கம் வென்றார்கள். பெண்கள் கோஷ்டியில் சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா. ஆண்கள் கோஷ்டியில் திருவாரூர் மாவட்டம் வடுவூரைச் சேர்ந்த அபினேஷ். இருவருக்கும் தமிழக அரசு தலா 25 லட்ச ரூபாய் பரிசு கொடுத்தது. பொன்மலைத் திடலில் ஆடிய பையன்களும் இந்த இரண்டு பெயர்களையும் சொன்னார்கள்.

பாடிப் போகிறவர்களின் பெயர் சீக்கிரம் பரவும். பிடிக்கிறவர்களுக்கு அந்தக் கொடுப்பினை குறைவு. திருச்சியை அடுத்த தஞ்சை மாவட்டத்தில் திருச்சனம்பூண்டி என்று ஒரு கிராமம். அந்த ஊர்க்காரர் தர்மராஜ் சேரலாதன். கார்னரில் நிற்பதுதான் அவர் வேலை. 2016-ம் ஆண்டு உலகக் கோப்பையை வென்ற இந்தியக் கோஷ்டியில் அவர் இருந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதுக்கு மேல்! கூட ஆடிய இளைஞர்கள் அவரை 'அண்ணா' என்றே அழைத்தார்கள்.

அந்த வயதுவரை கார்னரில் நிற்க வேண்டுமானால், எத்தனை முறை கால் நழுவியிருக்கும்! நழுவிய முதல் நாளே செருப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால், அந்த 'அண்ணா' நமக்குக் கிடைத்திருப்பாரா?

வீட்டிலும் இதே விசாரணை

இது கபடிக்கு மட்டும் உரிய சங்கதி அல்ல. பையன் பரீட்சையில் தவறிவிட்டான். உடனே, "நீ உருப்படமாட்டாய்!" என்கிறோம். அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. உடனே, பக்கத்தில் நின்ற பெண்ணைத் திட்டுகிறோம். கடைசியாகத் தொட்டவர் யாரோ அவர் தலையில் பழி விழுகிறது.

அதற்காக, யாரிடமும் தவறே இல்லை என்று சொல்லவில்லை. கார்னர் உண்மையிலேயே காலைத் தவறவிட்டிருந்தால், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவன் பழகித்தான் ஆக வேண்டும். ஆனால், திட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். உன் வேலை என்ன? அதைச் செய்தாயா? செய்ய முடியவில்லை என்றால், அதற்கு முந்திய நொடியில் என்ன நடந்தது?

மூன்றாவது கேள்வியைத்தான் நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. பதில் அங்கேதான் ஒளிந்துகொண்டிருக்கிறது. சில நேரம் அந்தப் பதில், கேள்வி கேட்கிறவர் பக்கமே கையை நீட்டும். அதனால்தான் கேட்பதில்லையோ, என்னவோ!

மீண்டும் திடலில்

பெரியவர் அதோடு விடவில்லை. அதே பிடியை மறுபடியும் போடச் சொன்னார். பாட்டு இல்லாமல், மெதுவாக, நடை பழகுவதுபோல. கார்னர் குனிந்தான். இன் நகர்ந்தான். கவர் முன்னால் வந்து நின்றான். உயரமான பையன் சுற்றிப் பார்த்தான். போக வழி இல்லை. சிரித்துவிட்டான்.

ஐந்து முறை அப்படியே செய்தார்கள். பிறகு வேகமாக ஆடினார்கள். நடுவில் இன் பையன், "விடறேன்!" என்று திடலே அதிரக் கத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். ஒல்லிப் பையனும் சிரித்தான். அவன் செருப்பு வேப்பமரத்தடியில் பெரியவர் காலடியில் கிடந்தது.

இருட்டிய பிறகுதான் நான் வீட்டுக்குப் போனேன். பையில் இருந்த கீரை வாடித் துவண்டிருந்தது. தக்காளி இரண்டு நசுங்கியிருந்தது.

"ஐந்து மணிக்கு வாங்கின கீரை இப்படியா இருக்கும்? யார் செய்த வேலை இது?" என்று என் மனைவி கேட்டாள்.

நான் மனத்துக்குள் ஏழு கூழாங்கற்களை அடுக்கிப் பார்த்தேன். எப்படி அடுக்கினாலும் ஏழும் என்னையே காட்டின!